கணப்பில் முதல் தீ: அறை முழுக்கப் புகை, எங்கே தவறினேன்?

புதுவாசல்

வணக்கம் எல்லோருக்கும். நாங்கள் புதிதாகக் குடிவந்திருக்கும் பழைய வீட்டின் கூடத்தில் செங்கல்லால் கட்டிய கணப்படுப்பு ஒன்று இருக்கிறது, ஃபயர்பிளேஸ் என்றால் உடனே புரியும். ரொம்ப வருடமாக யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. நேற்று இரவு குளிர் தாங்கவில்லை, சரி மூட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். புகைபோக்கியின் டேம்பர், அதாவது புகை போகும் வழியைத் திறந்து மூடும் தகடு, திறந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. அடியில் கசக்கிய செய்தித்தாள், அதன்மேல் சுள்ளி, அதற்கும் மேல் மூன்று பெரிய கட்டைகள், விறகடுப்பு மூட்டுகிற மாதிரியேதான் அடுக்கினேன்.

தீக்குச்சி வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, புகை மேலே போகாமல் முன்பக்கமாகச் சுருண்டு கூடத்துக்குள் வந்துவிட்டது. எச்சரிக்கைக் கருவி அலற, மகள் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓட, நான் பதற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். குப்பென்று நீராவியும் சாம்பலும் எழும்பியதில் கையில் லேசாகச் சுட்டுவிட்டது.

டேம்பர் திறந்திருந்தும் புகை ஏன் உள்ளே வந்தது? இதைப் பயன்படுத்தலாமா, இல்லை மூடி வைத்துவிடுவது நல்லதா? இன்னொன்று, ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும்படி விட்டுத் தூங்கலாமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள்.

செங்கல்காரர்

கை எப்படி இருக்கிறது? கொப்புளம் போட்டிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

புகைபோக்கி கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில், அதனால் நேராகவே சொல்கிறேன். எரிகிற கணப்பில் இனி எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும், அந்த வேகத்தில் கங்கையும் சாம்பலையும் வாரிக்கொண்டு வெளியேதான் வரும். சுட்டுக் கிடக்கும் செங்கல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசலும் விடும். அவசரத்தில் அணைக்க வேண்டுமென்றால் நீளமான இடுக்கியால் கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து மேலே சாம்பலையோ உலர்ந்த மணலையோ அள்ளிப் போடுங்கள், அடங்கிவிடும். கணப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும், அதே அறையில் உலர்தூள் தீயணைப்பானும் இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். பல வருடம் சும்மா கிடந்த புகைபோக்கியில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தீ வைத்திருக்கிறீர்கள். டேம்பர் திறந்திருப்பது மட்டும் போதாது, அதற்கு மேலே பல மீட்டர் குழாய் இருக்கிறது. அங்கே பறவைக் கூடு இருக்கலாம், செங்கல் பெயர்ந்து விழுந்து அடைத்திருக்கலாம், உட்குழாய் பிளந்திருக்கலாம். உட்குழாய் பிளந்திருந்தால் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்துக்கு நேராகச் சூடு போகும், வெளியே ஒன்றுமே தெரியாது.

அடுத்தது கிரியோசோட். விறகு முழுசாக எரியாமல் விடும் புகையில் தார் ஆவியும் ஈரமும் கலந்திருக்கும். குழாயின் சுவர் சுமார் 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் அது அங்கேயே படியும். முதலில் தூசி மாதிரி ஒட்டும், அது துடைப்பத்துக்கு வந்துவிடும். அப்புறம் செதில் செதிலாகக் கறுப்பாகும். கடைசியில் வார்னிஷ் பூசியது போலப் பளபளவென்று இறுகிவிடும், அதைச் சுரண்டி எடுப்பது பெரிய பாடு. இது வெறும் அழுக்கு இல்லை, எரிபொருள். 3 மில்லிமீட்டர் கனம் சேர்ந்தாலே சுத்தம் செய்தாக வேண்டும். அது குழாய்க்குள் பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். ரயில் போவது போல ஓர் உறுமல் கேட்கும், புகைபோக்கி உச்சியில் தீப்பொறியோ சுவாலையோ தெரியும். சில நேரம் சத்தமே இல்லாமல் மெதுவாக எரிந்து குழாயைப் பிளந்துவிட்டுப் போவதும் உண்டு, அதுதான் இன்னும் மோசம்.

அப்படி நடந்தால் வேடிக்கை பார்க்காமல் எல்லோரையும் வெளியே அனுப்பித் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். போகிற வழியில் முடிந்தால் கணப்பின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், காற்று குறையும். அணைந்த பிறகும் ஆள் வந்து உள்ளே பார்க்காமல் மறுபடி மூட்டக் கூடாது.

ஆக, தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்து, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை தீக்குச்சியை எடுக்க வேண்டாம். பிறகு வருடம் ஒரு முறை, குளிர் தொடங்குவதற்கு முன்பே.

வடக்குக்காற்று

செங்கல்காரர் சொன்னதை முதலில் செய்யுங்கள். அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் இதே புகை வரலாம், ஏன் என்று சொல்கிறேன். நானும் இதில் ஒரு குளிர்காலம் முழுக்கத் திண்டாடியவன்.

உங்கள் புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே நிற்கும் காற்று வெளிக்குளிருக்குச் சமமாகிவிடும். குளிர்ந்த காற்று கனம், அது கீழே இறங்கத்தான் பார்க்கும். நீங்கள் அடியில் மூட்டிய சின்னத் தீயின் சூடு அந்தக் கனத்த காற்றைத் தள்ளிக்கொண்டு மேலே போக முடியாது, அதனால் எளிதான வழியாகக் கூடத்துக்கு வருகிறது. மூட்டுவதற்கு முன்னால் டேம்பரைத் திறந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் வாய்க்குக் கீழே பிடியுங்கள். புகை மேலே இழுபட்டால் சரி. உங்கள் பக்கம் திரும்பினால் குழாய் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

அப்போது செய்தித்தாள் இரண்டு மூன்றை நீளமாகச் சுருட்டி, ஒரு முனையில் பற்ற வைத்து, டேம்பருக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடியுங்கள். கையில் தோல் கையுறை கட்டாயம், தொங்கும் சட்டைக்கை வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடத்தில் காற்றோட்டம் திரும்பும், 'உஸ்' என்று மேலே இழுப்பதைக் காதாலேயே கேட்கலாம். கேட்ட பிறகு மூட்டுங்கள்.

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறி ஓடிக்கொண்டிருந்ததா? அந்த மாதிரி விசிறி மணிக்குப் பல நூறு கனமீட்டர் காற்றை வெளியே தள்ளும். தள்ளிய காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும், கதவு ஜன்னல் எல்லாம் இறுக மூடியிருந்தால் வரும் வழி உங்கள் புகைபோக்கிதான். குளியலறை விசிறி, துணி உலர்த்தும் இயந்திரம் எல்லாமே இதே கணக்கு. மூட்டும்போது எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கணப்பு இருக்கும் அதே அறையில் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

மாடி இருந்தால் மாடி ஜன்னலைத் திறக்காதீர்கள். சூடான காற்று அந்த வழியாக மேலே போய்விடும், வீடே ஒரு புகைபோக்கியாகி உங்கள் நிஜப் புகைபோக்கியோடு போட்டி போடும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது, புகை வந்தவுடன் நான் முதலில் ஓடிப்போய்த் திறந்ததே மாடி ஜன்னலைத்தான்.

புதுவாசல்

இருவருக்கும் நன்றி. கை பரவாயில்லை, சிவந்திருக்கிறது, கொப்புளம் இல்லை.

ஆமாம், புகைபோக்கி வெளிச்சுவரில்தான் இருக்கிறது. சமையலறை விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டையும் சேர்த்து யோசிக்கவே தோன்றவில்லை. மாடி ஜன்னலை நானும் திறந்தேன்!

விறகு பற்றியும் கேட்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் சுற்றி மூடிய ஒரு குவியல் இருந்தது, அதிலிருந்துதான் எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதத்துக்கு முன்பு வெட்டிய மரம் என்கிறார். எரியும்போது முனைகளில் நுரை நுரையாகத் தண்ணீர் கசிந்து சீறியது. இது சகஜமா?

விறகுக்கட்டு

சகஜம் இல்லை, அது பச்சை விறகு! அந்த நுரைதான் சாட்சி.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். 5 கிலோ கட்டை ஒன்றில் 2 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு லிட்டரையும் உங்கள் தீ கொதிக்க வைத்து ஆவியாக்கி அனுப்ப வேண்டும், மிச்சச் சூடுதான் உங்களுக்கு. தீ சூடேறாமல் கனிந்துகொண்டே இருக்கும், புகை அதிகமாகும், குழாய் குளிர்ந்தே கிடக்கும், செங்கல்காரர் சொன்ன கிரியோசோட் அங்கேதான் படியும். என்னைக் கேட்டால் கணப்பில் நடக்கும் தொல்லைகளில் பாதி ஈர விறகில்தான் தொடங்குகிறது.

விறகு நன்றாகக் காய பைன் மாதிரியான மென்மரத்துக்கு ஆறு மாதமாவது வேண்டும், ஓக் மாதிரியான வன்மரத்துக்கு ஒன்று முதல் இரண்டு வருடம். அதுவும் பிளந்த பிறகு கணக்குத் தொடங்க வேண்டும், முழு உருளையாகக் கிடந்தால் பட்டை ஈரத்தை விடாது. தரையில் நேராக அடுக்காதீர்கள், அடியில் இரண்டு கழியைப் போட்டு அதன்மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களைக் காற்றுக்கு விடுங்கள். உங்கள் குவியலைத் தார்ப்பாய் சுற்றி மூடியிருந்ததாகச் சொன்னீர்கள், அது உலர்த்தவில்லை, ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கவும் வேண்டாம், கரையான் வரும், தீ என்று வந்தால் வீட்டோடு சேர்ந்து பற்றும்.

காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி என்றொரு சின்னக் கருவி கிடைக்கும். கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள், வெளிப்புறம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, அந்த உள்முகத்தின் நடுவில் குத்த வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எரிக்கலாம். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், பச்சை விறகு 'தொப்' என்று செத்த சத்தம் தரும். முனைகளில் நட்சத்திரம் போல வெடிப்பு இருக்கும், பட்டை தானாக உரியும், கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட எடை குறைவாக இருக்கும்.

மென்மரம் எரித்தால் புகைபோக்கி கெட்டுவிடும், வன்மரம்தான் நல்லது என்று யாராவது சொல்வார்கள். முழுக்க உண்மையில்லை. எடைக்கு எடை பார்த்தால் இரண்டிலும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். வன்மரம் அடர்த்தி, அதனால் நிதானமாக எரிந்து நல்ல தணல் விடும். மென்மரம் சட்டென்று பற்றும், மூட்டுவதற்கு அருமை, ஆனால் பிசின் உள்ள கட்டை படபடவென்று வெடித்துப் பொறியைத் தெறிக்கவிடும், எனவே கம்பி வலைத் திரை இல்லாமல் எரிக்காதீர்கள். கிரியோசோட்டைப் பொறுத்தவரை எந்த மரம் என்பதைவிட எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி.

எரிக்கவே கூடாதவை: வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், பளபளப்பான தாள், அட்டைப்பெட்டி. கடலில் மிதந்து கரை ஒதுங்கிய கட்டை அழகாக நீலமாக எரியும், ஆனால் அதில் ஏறிய உப்பு எரியும்போது நச்சுப் புகை விடும், இரும்பையும் அரிக்கும். பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய பழைய வேலிப்பலகையில் ஆர்சனிக் இருக்கலாம், எரித்தால் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஒரு சொட்டுகூட வேண்டாம்.

சுடர்விழி

அடுக்கும் முறையை மாற்றிப் பாருங்கள் புதுவாசல். நீங்கள் செய்தது கீழிருந்து மேலே. நான் தலைகீழாகச் செய்கிறேன், அதற்கப்புறம் மூட்டும்போது கூடத்தில் புகை வாசனையே வருவதில்லை.

பெரிய கட்டை இரண்டு மூன்றை அடியில், நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு, பின்சுவரை ஒட்டினாற்போல் வையுங்கள். அதன்மேல் குறுக்காக மணிக்கட்டுக் கனத்தில் பிளந்த கட்டைகள். அதற்கும் மேல் மறுபடி குறுக்காகப் பெருவிரல் கனச் சுள்ளிகள், உச்சியில் நன்றாகக் காய்ந்த சிராய்களும் முடிச்சுப் போட்ட செய்தித்தாளும். உச்சியில் பற்ற வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். தீ மெழுகுவத்தி மாதிரி மெல்ல மெல்லக் கீழே இறங்கும்.

இதில் என்ன லாபம் என்றால், முதல் நிமிடத்திலிருந்தே சுவாலை மேலே இருக்கிறது, குழாய் சீக்கிரம் சூடாகும். கீழே இருக்கும் கட்டை சூடேறி விடும் புகை அந்தச் சுவாலையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும், தாண்டும்போதே எரிந்துவிடும். புகையும் எரிபொருள்தான், அதை எரிக்காமல் அனுப்பினால் நஷ்டம்.

செங்கல்காரர்

சுடர்விழி, இந்தத் தலைகீழ் முறை எல்லா இடத்திலும் எடுபடும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுள்ளி போதாமல் இருந்தாலோ விறகு லேசாக ஈரமாக இருந்தாலோ பாதியில் நின்றுவிடும், கீழே இறங்காது. நான் இவ்வளவு வருடமும் கீழிருந்துதான் மூட்டுகிறேன். குழாயை முன்கூட்டியே சூடாக்கிவிட்டால் புகை வருவதில்லை.

சுடர்விழி

ஈர விறகில் நிற்கும் என்பது உண்மை ஐயா, ஆனால் ஈர விறகை எந்த முறையிலும் எரிக்கக் கூடாது என்றுதானே பேசிக்கொண்டிருக்கிறோம்? உங்களுக்குப் பழகிய கை, எப்போது சுள்ளி சேர்க்க வேண்டும், எப்போது கட்டையைத் தூக்கிக் காற்று விட வேண்டும் என்று கண்ணாலேயே தெரியும். புதிதாக மூட்டுகிறவர் கீழிருந்து மூட்டினால் பத்து நிமிடத்தில் நாலு முறை கையை உள்ளே விடுவார், மேலிருந்து மூட்டினால் ஒரு முறையும் விட வேண்டியதில்லை. வீட்டில் குழந்தை இருக்கும்போது எனக்கு அதுவே பெரிய காரணம்.

செங்கல்காரர்

அந்தக் காரணம் சரிதான். புதியவர்களுக்கு உங்கள் முறையையே நானும் சொல்கிறேன். சுள்ளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், நினைப்பதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள். குழாயைச் சூடாக்குவதையும் விட வேண்டாம்.

எந்த முறையானாலும், மூட்டி இருபது நிமிடம் கழித்து வேறு ஒரு பெரியவரைத் தீயின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வெளியே போய்ப் புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள். புகை கண்ணுக்குத் தெரியாமலோ மெல்லிசாக வெள்ளையாகவோ இருந்தால் நன்றாக எரிகிறது. கருஞ்சாம்பல் நிறத்தில் திரள் திரளாக வந்தால் தீக்குக் காற்று போதவில்லை, இல்லையேல் விறகு ஈரம்.

பழைய செங்கல்லைப் பூசிப் பழுது பார்த்திருந்தால் முதல் சில நாள் சின்னத் தீ மட்டும் போட்டுக் கலவையின் ஈரத்தை மெல்ல விரட்ட வேண்டும். முதல் நாளே பெரிய தீ போட்டால் பூச்சு வெடித்துவிடும்.

மௌனப்பனி

ராத்திரி முழுக்கக் கனல விட்டுத் தூங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சுவாலை எல்லாம் அடங்கிவிட்டது, சாம்பலுக்கு நடுவே சிவப்பாக லேசான கங்கு மட்டும் இருந்தது. அறையின் சூடு புகைபோக்கி வழியாக வீணாகப் போகிறதே என்று என் கணவர் டேம்பரை மூடிவிட்டார், நானும் சரியென்றேன். இருவரும் படுத்துவிட்டோம். அதிகாலையில் எனக்குத் தலை பிளந்தது, குமட்டியது, எழுந்து நின்றால் கால் நிற்கவில்லை. அம்மா எங்களோடு இருந்தார், அவரும் தலைசுற்றுகிறது என்றார். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி என்றதும்தான் பொறி தட்டியது. எல்லோரும் வெளியே வந்து, உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு, மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். தப்பித்தோம்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சுவாலை இல்லாமல் கங்கு மட்டும் கனலும்போதுதான் அது அதிகம் வரும், பார்ப்பதற்கோ அதுதான் சாதுவான தீ மாதிரி இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருந்தால் எழுந்திருக்கவே தோன்றாது.

புகை எச்சரிக்கைக் கருவி இதைக் கண்டுபிடிக்காது, கார்பன் மோனாக்சைடுக்குத் தனிக் கருவி வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே கட்டாயம் ஒன்று. மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

டேம்பரை எப்போது மூடலாம் என்றால், சாம்பல் முழுக்கக் குளிர்ந்து ஒரு பொட்டுக் கங்குகூட இல்லை என்று கிளறிப் பார்த்த பிறகு. பெரும்பாலும் அது மறுநாள்தான். படுக்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே கடைசிக் கட்டையைப் போட்டுவிடுங்கள், அதற்குமேல் சேர்க்காதீர்கள். சுவாலை அடங்கிய பிறகு திரையை மூடி, டேம்பரைத் திறந்தபடியே விட்டுப் படுங்கள். கொஞ்சம் சூடு வெளியே போனால் போகட்டும்.

வடக்குக்காற்று

மௌனப்பனி, படிக்கும்போதே கை நடுங்குகிறது. எழுதியதற்கு நன்றி.

சூடு வீணாவதைப் பற்றி ஒரு வார்த்தை. திறந்த கணப்பில் விறகின் சூட்டில் 10 சதவீதம் அளவுதான் அறைக்கு வரும், மிச்சம் புகைபோக்கியோடு போகும். போதாததற்கு அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால் பக்கத்து அறைகள் முன்பைவிடக் குளிரும். இந்தக் குறையைத் தீர்க்க ரொம்ப காலமாகவே முயன்றிருக்கிறார்கள். ரம்ஃபோர்டு பிரபு எனப்படும் பெஞ்சமின் தாம்ப்சன் 1796இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே வெளியிட்டார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை ஏறும் தொண்டையை ஒடுக்கச் சொன்னார், சூடு அறைப் பக்கம் திரும்பியது, புகையும் குறைந்தது. வீட்டைச் சூடாக்குவதுதான் உங்கள் நோக்கம் என்றால் கணப்புக்குள் பொருத்துகிற மூடிய இரும்பு அடுப்பைப் பற்றி யோசியுங்கள், அதில் 60 முதல் 80 சதவீதம் வரை அறைக்குக் கிடைக்கும். மாலையில் தீ முன்னால் உட்கார்ந்திருக்கும் சந்தோஷம்தான் வேண்டும் என்றால் இப்போது இருப்பதே போதும்.

நீலக்கதவு

சாம்பலை யாரும் தொடவில்லை என்பதால் நான் சொல்கிறேன். தீ அணைந்து இரண்டு நாள் கழித்து, தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருக்கிறது என்று நம்பிச் சாம்பலை ஒரு பிளாஸ்டிக் வாளியில் அள்ளிப் பின்பக்கத்து மரத்திண்ணையில் வைத்தேன். சாயங்காலம் ஏதோ கருகும் வாசனை. போய்ப் பார்த்தால் வாளியின் அடி உருகி, திண்ணைப் பலகை தட்டு அளவுக்குக் கரியாகி, நடுவில் சிவந்துகொண்டிருக்கிறது. காற்று அடித்ததில் உள்ளே புதைந்திருந்த கங்கு உயிர் பெற்றிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் வெளியூர் போயிருந்தால் வீடு மிஞ்சியிருக்காது.

சாம்பல் நல்ல காப்பு. அதற்குள் புதைந்த கங்கு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். இறுக்கமான மூடி உள்ள இரும்பு வாளி வாங்குங்கள், உலோகக் கரண்டியால் அள்ளுங்கள், வாளியை வீட்டுக்கு வெளியே கல் தரையிலோ மண்ணிலோ, சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். தூசி உறிஞ்சும் கருவியால் மட்டும் எடுக்காதீர்கள், உள்ளே போகும் கங்கை அதன் காற்றே ஊதிவிடும். எல்லாச் சாம்பலையும் துடைத்து எடுக்கவும் வேண்டாம், ஓர் அங்குலம் விட்டுவைத்தால் அடுத்த தீக்கு நல்ல மெத்தை, தணல் நன்றாக நிற்கும்.

விறகுக்கட்டு

எரிந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டியதையும் சேர்த்துவிடுகிறேன். ஒற்றைக் கட்டை தனியாக எரியாது, பக்கத்தில் துணை வேண்டும், ஒன்றின் சூட்டில்தான் மற்றது எரிகிறது. எனவே இரண்டிரண்டாகப் போடுங்கள், கங்குகளை முன்பக்கம் இழுத்துவிட்டுப் புதுக் கட்டையைப் பின்னால் வையுங்கள். எறியாதீர்கள், இடுக்கியால் வையுங்கள். சுவாலை கணப்பின் வாயை நிரப்பும் அளவுக்கு வளர்க்க வேண்டாம். திரைக்கு முன்னால் 1 மீட்டர் தூரத்துக்குத் துணி, கம்பளம், நாற்காலி, விறகுக் கூடை எதுவும் இருக்கக் கூடாது. அந்த 1 மீட்டர் கோட்டைத் தரையில் ஒட்டுநாடாவால் போட்டுக் காட்டினால் குழந்தைகள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள், என் பேரன் அந்தக் கோட்டை எங்களைவிடக் கண்டிப்பாகக் காவல் காக்கிறான்.

புதுவாசல்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆளைப் பிடிப்பதற்கே நாளாகிவிட்டது. முதலில் வந்தவர் கீழிருந்து ஒரு துடைப்பத்தை ஆட்டிவிட்டு எல்லாம் சரி என்று கிளம்பப் பார்த்தார், கேமரா விட்டுப் பாருங்கள் என்றதற்குத் தேவையில்லை என்றார். இங்கே படித்திருக்காவிட்டால் நம்பியிருப்பேன். இன்னொருவரை வரவழைத்தோம். உச்சியில் பழைய பறவைக் கூடு, பாதிக் குழாயை அடைத்திருந்தது. செதில் கிரியோசோட் ஒரு சாக்கு நிறைய வந்தது. உட்குழாயில் விரிசல் இல்லை. உச்சியில் கம்பிவலை வைத்த மூடி ஒன்று பொருத்தியிருக்கிறோம், இனிப் பறவையும் வராது, பொறியும் வெளியே பறக்காது. கார்பன் மோனாக்சைடு கருவி இரண்டு வாங்கி மாட்டியாயிற்று. பச்சை விறகைப் பிளந்து கழி போட்டு அடுக்கிவிட்டேன், அது அடுத்த வருடத்துக்கு. காய்ந்த விறகு தனியாக வாங்கினேன், பிளந்து குத்திப் பார்த்ததில் 16 சதவீதம்.

நேற்று மூட்டினேன். விசிறிகளை நிறுத்தி, ஜன்னலை இரண்டு விரல் திறந்து, ஊதுபத்தியைப் பிடித்தால் புகை என் பக்கமே திரும்பியது. செய்தித்தாள் சுருளை உயர்த்திப் பிடித்தேன், ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அந்த 'உஸ்' சத்தம் கேட்டது. உச்சியில் பற்ற வைத்துவிட்டு ஒதுங்கிவிட்டேன். தீ ஒன்றரை மணி நேரம் தானாகவே கீழே இறங்கியது, கூடத்தில் துளிப் புகை இல்லை. மகள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையும் எப்போது பற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரே ஒரு சந்தேகம். முன்பக்கத்தில் பழைய கண்ணாடிக் கதவு இருக்கிறது. எரியும்போது அதைச் சாத்தலாமா?

செங்கல்காரர்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், அந்த முதல் ஆளைத் திருப்பி அனுப்பியதுதான் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

கண்ணாடி எந்த வகை என்று தெரியாதவரை சாத்தாதீர்கள். திறந்த கணப்புக்கு வைக்கும் கதவு பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி, பெரிய சுவாலையின் சூட்டில் மூடி வைத்தால் சிதறிவிடும். தீ கொழுந்துவிட்டு எரியும்போது கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், கம்பி வலைத் திரை மட்டும் மூடியிருக்கட்டும். சுவாலை அடங்கிக் கங்காக இறங்கிய பிறகு கதவைச் சாத்தலாம், டேம்பர் திறந்தபடியே இருக்க வேண்டும். அடுத்த முறை அந்தக் கதவின் கீழ் விளிம்பில் ஏதாவது எழுத்துப் பொறித்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள், வகை என்னவென்று சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.